ஆலை யூனிபார்மை ஆலையிலேயே துவைக்க வேண்டி

அனுப்புநர்:
மாத்திரை அடிக்கும் பிரிவுத் தொழிலாளியின் மனைவி,
தொழிலாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஹார்மோன் தூள் படிந்த யூனிபார்ம் வீட்டுக்கு வருவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இறைவன் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் நலமாக வைத்திருக்கட்டும்.

1. என் கணவர் ஹார்மோன் மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறார். ஆலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அங்கே உடை மாற்ற அறை இல்லை, குளிக்க இடம் இல்லை. யூனிபார்மை வீட்டில் துவைத்துக்கொள்ள மாதம் இரண்டு கட்டி சோப்பு தருகிறார்கள். சோப்பைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே நுரைக்கும்.

2. எங்கள் மகள் சிட்டு வயிற்றில் இருந்தபோதும் அந்தத் துணியை நான்தான் கையால் கசக்கினேன். பிறந்த பிறகு, அப்பா படியேறும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அப்படியே தோளில் தூங்கியும் விடுவாள். பத்து வயதில் வர வேண்டிய உடல் மாற்றம் அவளுக்கு இரண்டு வயதிலேயே தொடங்கியது. டாக்டரம்மா முதலில் கேட்டதே, "அப்பா எங்க வேலை பாக்கறாரு?" என்றுதான். யூனிபார்மில் ஒட்டி வரும் தூள்தான் காரணமாக இருக்கும் என்றார். அந்தத் துணியைப் பிரித்து வைத்தோம்; சில மாதங்களில் மாற்றம் தணிந்தது. தூள் கருவிலேயே பட்டதா, அப்பா தோளில் பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தெரியாததை நானும் எழுதவில்லை.

3. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறேன். "உள்ள இருக்கறது பிஞ்சும்மா. அந்தத் தூள் உங்க கையில படவே கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கணவரே கையுறை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் துவைக்கிறார். ஆனாலும் யூனிபார்மோடுதானே பஸ் ஏறி வருகிறார், வீட்டுக்குள் நுழைகிறார்.

4. ஆலையிலேயே துவைத்துத் தரும்படி என் கணவர் மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "என்னய்யா, அடுத்து பாப்பாவையும் கம்பெனியே குளிப்பாட்டணும்னு கேப்பே போல!" என்று சிரித்தாராம். குழந்தையைக் குளிப்பாட்ட நான் இருக்கிறேன் ஐயா. யூனிபார்மை மட்டும் அவர்கள் துவைத்தால் போதும்.

5. சிட்டுவுக்கு இப்போது மூன்று வயது. "அப்பாவத் தொடாதேடி" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டேன். அவர் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். அவர் குளித்து, தலை துவட்டி, வேறு சட்டை போட்டு வந்து கையை நீட்டினாலும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். "இப்பத் தொடலாமாம்மா?" என்கிறாள். அவர் மறுபடி கை கழுவப் போகிறார். வயதுக்கு மீறி வந்த மாற்றம் தணிந்துவிட்டது. வயதுக்கு மீறி வந்த இந்த அடக்கம் தணியவில்லை.

தினமும் பிரார்த்தனை செய்கிறேன். ஆனால் துணி துவைக்கும் இயந்திரத்தை இறைவனிடம் கேட்பது முறையாகப் படவில்லை. அதனால் தங்களிடம் கேட்கிறேன்.

எனவே, தாங்கள் ஆலையை நேரில் பார்வையிட்டு, அங்கேயே குளியலறையும் உடை மாற்றும் அறையும் சலவை வசதியும் அமைக்க உத்தரவிட வேண்டுகிறேன். இந்த மனுவால் என் கணவர் வேலைக்குக் குந்தகம் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் அங்கேயே குளித்து, சொந்தச் சட்டையில் படியேறி வரட்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளை அப்பாவிடம் ஓடப் பழகட்டும். மூத்தவளுக்கு நான் மறுபடி சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி வீடு
நாள்: மாத முதல் திங்கட்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
சிட்டுவின் அம்மா