யாருக்குப் பாடிய சங்கீதம்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா?

கையெழுத்து கோணியிருக்கிறதே என்று பதறாதீர்கள். பட்டறையில் வலக்கை விரலில் சின்னக் காயம்.

பைபிளைப் பிடிக்க முடியாத எனக்காக, எங்கள் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வெல்டர் அதிலிருந்து எழுபத்திரண்டாம் சங்கீதம் வாசித்தார். முடித்ததும் கேட்டார்: "இது அந்தக்கால ராஜாவுக்குப் பாடினதாச்சே, இயேசுன்னு நீங்கல்லாம் எப்படிச் சொல்றீங்க?"

உங்கள் பிரசங்கத்தைத்தான் சொன்னேன்: "ஏழைக்கு நியாயம் செய்வார்னு பாடினது எந்த ராஜாவுக்கும் முழுசாப் பொருந்தலை. அதான் வரப்போற மேசியாவை, மீட்பரைச் சொன்னதுன்னு நம்புறோம்."

"அவர்தான் வந்துட்டார்ங்கிறீங்களே! அப்புறம் ஏன் முதலாளி உன்னை டாக்டர்கிட்ட அனுப்பலை?"

"திரும்பவும் வருவார்" என்றேன்.

"வர்றப்போ வரட்டும், நீ சட்டையை மாட்டு" என்று அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

விரல் இன்னும் மரத்திருக்கிறது. கட்டுப்போட அம்மாவின் பழைய சேலைத் துணி அனுப்புங்கள். பட்டறைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஜெபத்தில் அந்த வெல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்