பெயர் எழுதாத சீட்டு

வண்டியூர், மதுரை
19.8.2001, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாய்பிரசாத்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை காவ்யஸ்ரீயும் சுகம். அங்கே ரூர்கேலா மழையிலும் இரும்பாலைச் சூட்டிலும் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு பிபி கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். காவ்யா பிளஸ் டூ என்பதால் டிவியில் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறோம், அவள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. போன ஞாயிறு நீ பூத்திலிருந்து பேசியபோது ஒரு விஷயம் சொல்ல வாயெடுத்தேன், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று நீ வைத்துவிட்டாய். நம் வீட்டுப் பாஷையில் எழுதத் தெரிந்திருந்தால் இன்னும் மனசு விட்டு எழுதியிருப்பேன், சௌராஷ்டிர எழுத்து நமக்கு யாருக்குத் தெரியும், தமிழ்தான் கைக்கு வருகிறது. நிதானமாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு யாரிடமும் சொல்லாதே, இது ஒரு பிள்ளையின் காரியம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா, அவர் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார். பிள்ளைகள் மனசில் உள்ளதைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பாசிரியர் திறந்து படிக்க வேண்டும் என்றார். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் மனசு வேறயா என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். இருபத்திரண்டு வருஷம் அறிவியல் நடத்தியவள், இருதயத்துக்கு நாலு அறை என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள். முதல் மூன்று வாரம் பாத்ரூமில் தண்ணீர் இல்லை, டிரில் டீச்சர் திட்டுகிறார் என்றுதான் சீட்டு வந்தது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஒன்பது பி டின்னைத் திறந்தால் அடியில் நாலாய் மடித்த ஒரு தாள். அச்சடித்தது மாதிரி எழுத்தை நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தது. "நான் நாளைக்கு வராவிட்டால் யாராவது என்னைத் தேடுவீங்களா?" அவ்வளவுதான்.

எந்த நாளைக்கு? சீட்டு திங்கட்கிழமை விழுந்ததா, வியாழக்கிழமை விழுந்ததா, யாருக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன், அன்றைக்கு வராதவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு அம்மை போட்டிருப்பது எனக்கே தெரியும். இன்னொருத்தி ஒச்சம்மாள், கடைசி பெஞ்ச், கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். தலைமையாசிரியை கிளம்புங்கள் டீச்சர், மற்ற வீடுகளுக்கு நான் போனில் விசாரிக்கிறேன் என்றார். காளவாசலில் நின்று கீழக்குயில்குடி பஸ்ஸைப் பிடித்தேன், அந்த அரைமணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை.

இறங்கி விசாரித்துப் போனால் வீட்டு வாசலில் ஒச்சம்மாள் புதிதாய்ப் பிறந்த ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா முருகம்மாள் என்னைப் பார்த்து நடுங்கிப்போய் "எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு டீச்சர், ஆடு குட்டி போட்டுச்சேன்னு நாந்தான் இருக்கச் சொன்னேன்" என்றது. டீச்சர் வீடு தேடி வந்தால் தப்பு நடந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் ஊரைப் பழக்கி வைத்திருக்கிறோம். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "நான் எழுதல டீச்சர், எனக்கு வீட்ல பேச அம்புட்டுப் பேரு இருக்காக, பள்ளிக்கூடத்துலதான் பேச ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹஃபீஸாவா இருக்கும் டீச்சர்" என்றாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஹஃபீஸா வகுப்பு லீடர், முதல் ரேங்க், எப்போதும் சிரித்த முகம். ஒச்சம்மாள் சொன்னாள், "ஒரு மாசமா டப்பாச் சோத்த எங்கிட்டக் குடுத்துட்டு அவ தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி உக்காந்துக்கிறா, யாரும் வந்தா எந்திரிச்சு சிரிக்கிறா." நான் பிளாக்போர்டைப் பார்த்து நின்றிருக்கிறேன், அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.

ஹஃபீஸாவின் தம்பி அல் அமீன் ஏழு வயதுப் பையன், ஏப்ரலில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். ஜூனில் அவள் பள்ளிக்கு வந்த முதல் நாள் என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நீ அழக்கூடாது, நீ அழுதால் அம்மா உடைஞ்சிருவாங்க, நீதான் வீட்டுக்குத் தைரியம்" என்று சொல்லி, கவனம் வேறு பக்கம் திரும்பட்டும் என்று லீடர் வேலையும் கொடுத்தேன். நல்லது செய்துவிட்டதாக அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் சாயி. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வார்த்தை எனக்கே ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

மகபூப்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்தது அவள்தான், "வாங்க டீச்சர்" என்று அதே சிரிப்பு. உயிரோடு நிற்கிறாளே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவள் அம்மா மைதீன் பீவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அவள் அத்தா சேக் இஸ்மாயில் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருந்தார், "புள்ள மவுத்தானதுலேருந்து இப்படித்தான் டீச்சர், ஹஃபீஸா மட்டும் தேறிட்டா, அவ இல்லேன்னா இந்த வீடு நடக்காது" என்றார். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சீட்டைப் பற்றிக் கேட்க எனக்கு நா எழவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், "அல் அமீன் எப்படிம்மா இருப்பான், நான் பார்த்ததே இல்லையே" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெயரை அந்த வீட்டில் நாலு மாதமாக யாரும் சொல்லவில்லையாம். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாக, "செருப்ப எப்பவும் கால் மாத்தித்தான் போடுவான் டீச்சர்" என்றாள். இட்லிக்குச் சீனிதான் கேட்பான், கரண்ட் போனால் பாட்டுப் பாடுவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க என்று கேட்டாளாம், நீ வீட்டைப் பார்த்துக்கொள் என்றார்களாம், அதைச் சொல்லும்போதுதான் உடைந்தாள். "நானும் போயிட்டா அம்மாவுக்கு யாரு இருக்கான்னுதான் இருந்தேன் டீச்சர், ஆனா முடியல" என்றாள். மைதீன் பீவி எழுந்து வந்து, "எங்கிட்டச் சொல்லக் கூடாதாடி" என்று அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. சேக் இஸ்மாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் முன்னே சொன்னதெல்லாம் போதும் என்று இருந்தது. கிளம்பும்போது மட்டும் அவளிடம், "நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, உனக்கு அழுகை வந்தால் அழு, வகுப்பிலேயே வந்தாலும் அழு" என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அப்படி இல்லை. திங்கட்கிழமை வந்தாள், செவ்வாய்க்கிழமை வரவில்லை, எனக்குப் பாடமே ஓடவில்லை, இடைவேளையில் ஓடிப்போய் ஆபீசிலிருந்து போன் செய்தால் அம்மாவோடு தூங்குகிறாள் என்றார்கள். தலைமையாசிரியையே கூடப் போய்ப் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் அம்மாவிடம் காட்டினார், இப்போது வாரம் ஒருமுறை தாயும் மகளும் போகிறார்கள். லீடர் வேலை வேண்டாம் டீச்சர் என்று அவளே சொன்னாள், வாங்கிக்கொண்டேன். ஒச்சம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள், டப்பாவை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் தினமும் காலையில் பெயர் வாசிக்கும்போது அவள் பெயர் வரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னும் ஐம்பது பிள்ளைகள் இருக்கிறார்களே, அதில் யார் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த வாரம் முழுக்க எனக்கு உன் ஞாபகம்தான். முதல் தடவை நுழைவுத் தேர்வில் மார்க் குறைந்து நீ அடுப்படிக்கு வந்து நின்றாய். அழாதே, அப்பாவுக்குப் பிபி ஏறும் என்றேன். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாய். என் பிள்ளை எவ்வளவு பக்குவம் என்று நான் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக நீ என் முன்னால் அழுததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. உன் அறையில் இருந்த அந்த வங்காளிப் பையன் மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகிறது, அப்புறம் யாருடன் சாப்பிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடம் பேசுகிறாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, சம்பளம் வந்ததா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். நல்லதாக இருந்தாலும் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. எங்களுக்குத் தாங்காது என்று நீயாக முடிவு செய்யாதே, தாங்கும். காலாண்டு லீவில் அங்கே வருவதற்கு அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார், வர வேண்டாம் என்று சொல்லாதே, காவ்யாவை அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் வருகிறோம்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்த உடனே வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணையிருக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு மனநிறைவாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் இரண்டு வரியாவது போடு.

உன் அம்மா,
ஜ. ரங்கநாயகி

கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கையிலேயே வைத்திருந்தார், அப்புறம் சொன்னார். நீ முதன்முதலில் ரூர்கேலாவுக்கு ரயில் ஏறிய அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று போனவர் வண்டி நகரும்போதுதான் வெறுங்கையோடு வந்தாரே, கடை மூடியிருந்தது என்றாரே, கடை திறந்துதான் இருந்ததாம். ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதாராம். இதையும் அவனுக்கு எழுதிவிடு என்றார்.