மூன்றில் ஒரு வெளிச்சம்

முதல் நாள், காலை 7.20
செவ்வாய்க் கிரகம். வெளிநடைப் பயிற்சிப் பள்ளி, மலையடிவாரக் குடில். பதிவு எழுதுபவர்: ஜெசிந்தா, பயிற்றுநர்.
வானம் தெளிவு. காற்று மிதம். மூன்று மாணவர்களும் இறுதித் தேர்வுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் உடன் போகக் கூடாது என்பதுதான் தேர்வு. கணவாய் வரை நடந்து, கூடாரமடித்து ஓர் இரவு தங்கி, நாளை திரும்ப வேண்டும். பாதையோரம் நட்ட கம்பங்களும் அவற்றை இணைக்கும் கயிறும் வழிகாட்டும்.
தலைவர் சுடலைமுத்து, குடியிருப்பின் பம்பு மெக்கானிக். ரஹ்மத்நிஷா, நர்ஸ். சென்னியப்பன், பசுமைக்கூடத்தில் தக்காளி வளர்ப்பவர்.
புறப்படும் முன் பரிசோதித்ததில் சுடலைமுத்துவின் காற்றுக் கலனில் வால்வு கசிந்தது. என் கலனைக் கொடுத்து அனுப்பினேன். நான் குடிலுக்குள்தானே இருக்கப் போகிறேன். குடியிருப்பு வண்டி மறுநாள் வரும்போது புதியது கொண்டுவரும்.

முதல் நாள், பிற்பகல் 1.05
ரேடியோவில் சுடலைமுத்து: "டீச்சர், கணவாய்க்கு வந்துட்டோம்லா. சென்னியப்பன் அண்ணாச்சிக்குத்தான் மூச்சு வாங்குது. தக்காளிச் செடி நடக்காதுல்லா, அதான்."
பின்னால் சிரிப்புச் சத்தம். நானும் சிரித்தேன்.
மேற்கே அடிவானம் மங்கலாக இருக்கிறது. கூடாரத்தை உடனே அடிக்கச் சொன்னேன்.

முதல் நாள், மாலை 4.40
புழுதிப் புயல். முன்னறிவிப்பில் இல்லாதது. புழுதி உரசி மின்சாரம் பாய்ந்து கோபுரத்தின் ஒலிபரப்பி கருகிவிட்டது. வருவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை, அவர்களுக்கும் இல்லை, குடியிருப்புக்கும் இல்லை.
ரஹ்மத்நிஷாவின் குரல்: "டீச்சர், கூடாரக் கயிறு கட்டும்போது முத்தண்ணன் பாறையிலேர்ந்து வழுக்கி விழுந்துட்டாங்க. தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டுட்டேன். ஆடை கிழியலை. மூணு பேரும் கூடாரத்துக்குள்ளதான் இருக்கோம். நீங்க ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

முதல் நாள், மாலை 5.30
செயற்கைக்கோளின் புதிய அறிவிப்பு வந்தது. புயல் அடங்க மூன்று நாள் ஆகும். இந்தப் புழுதியில் வண்டியும் ஓடாது.
அவர்கள் கூடாரத்தில் மூவருக்கு நாளை இரவு வரைதான் காற்று. ஆனால் ஆடைக் கலன்களில் இங்கே நடந்து வரும் அளவு காற்று தனியாக இருக்கிறது. இருவர் கயிற்றைப் பிடித்தபடி இங்கே வந்துவிட்டால், கூடாரத்துக் காற்று முழுவதும் சுடலைமுத்து ஒருவருக்கு. மூன்று நாளும் தாங்கும். குடிலில் எங்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. மூவரும் பிழைக்கலாம்.
அவர்களுக்கு இது தெரியாது. காலையில் தெளிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

முதல் நாள், மாலை 6.15
அவர்கள் பேசிக்கொள்வது கேட்கிறது. யாரோ ரேடியோப் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருக்கிறார்கள்.
சென்னியப்பன்: "சிஸ்டர், நானும் நீங்களும் கயித்தப் புடிச்சுட்டே டீச்சர்கிட்டப் போயிரலாமுங்க. காத்து மிச்சமாகுமுங்க."
போங்கள் சென்னியப்பன். போங்கள்.
ரஹ்மத்நிஷா: "அடிபட்டவரைத் தனியா விட்டுட்டா? பிரியக் கூடாது, இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு டீச்சர் எத்தனை தடவை சொன்னாங்க."
சுடலைமுத்து: "நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்கம்மா. நான் எங்க ஓடிரப் போறேன்?"
முடிவெடுக்கவில்லை. விடிந்ததும் பார்க்கலாம் என்கிறார்கள்.

இரண்டாம் நாள், காலை 6.50
கசியும் கலனுக்கு ரப்பர் வெட்டி வைத்துப் பார்த்தேன், பசை தடவிப் பார்த்தேன், நாடா சுற்றிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தேன். இருபது கம்பங்கூடத் தாண்டவில்லை, கலன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. திரும்பி வந்து கதவை மூடியபோது கண் இருட்டியது.
இனி வெளிச்சம்தான். நேர்கோட்டில் கணவாய் அருகில்தான். பாதைதான் மலையைச் சுற்றிப் போகிறது. குடிலில் மூன்று வாணங்கள் இருக்கின்றன. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது: ஒரு வாணம் என்றால் 'உங்களைப் பார்த்துவிட்டோம், அங்கேயே இருங்கள்'. மூன்று என்றால் 'உடனே கிளம்பி வாருங்கள்'.
புழுதி கொஞ்சம் மெலிந்தால் விடுவேன்.

இரண்டாம் நாள், காலை 9.10
மெலிந்தது. வெளியே போய் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். முதலாவது நன்றாக ஏறியது. இரண்டாவது ஏறும்போதே புழுதி மூடிவிட்டது.
மூன்றாவது எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் நாள், காலை 9.25
"டீச்சர்! பாத்துட்டமுங்க! வெளிச்சம் பாத்துட்டமுங்க!" சென்னியப்பன் அழுகிறார்.
ரஹ்மத்நிஷா: "ஒண்ணுதானே? நல்லாப் பாத்தீங்களா?"
"ஒண்ணேதானுங்க சிஸ்டர். அப்புறம் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னனுங்க."
"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வண்டி வருது. இருக்கச் சொல்றாங்க."
மூன்று. மூன்று விட்டேன்.

இரண்டாம் நாள், காலை 10.00
சுடலைமுத்துவுக்கு மூச்சுத் திணறுகிறதாம். ரஹ்மத்நிஷா சொல்கிறார்: "நம்ம ஆடையில இருக்கிற காத்தையும் கூடாரத்துக்குள்ள விட்டுடலாம். எங்கேயும் நடக்கப் போறதில்லையே."
மேசையை ஓங்கி அடித்தேன். செத்துப்போன ஒலிபரப்பியில் கத்தினேன். வேண்டாம் நிஷா, வேண்டாம், அது நடப்பதற்கான காற்று.
கலன்களைத் திறக்கும் சீறல் கேட்டது. மூன்று தடவை.

இரண்டாம் நாள், மாலை
மணிக்கொரு தடவை தகவல் சொல்கிறார்கள், சொல்லிக்கொடுத்தபடியே. "மூணு பேரும் நல்லாருக்கோம். நகரலை." ஒரு மணி நேரமும் தவறவில்லை. இவ்வளவு ஒழுங்கான மாணவர்கள் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.
சுடலைமுத்து என்னிடம் பேசினார். "டீச்சர், ஒங்க கலன் நல்லா வேல செஞ்சுது. திருப்பித் தந்திருதேன். வண்டிக்காரங்கள அவசரப்படாம வரச் சொல்லுங்க, வழி சரியில்லல்லா."
ஒலிபரப்பியைப் பிரித்துவிட்டேன். எந்தக் கம்பி எதோடு சேரும் என்று தெரியவில்லை. சேர்த்துப் பார்க்கிறேன். மறுபடி சேர்த்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்
நேரம் பார்க்கவில்லை. சுடலைமுத்துவின் குரல் வரவில்லை. அவரைப் பற்றி அவர்களும் பேசவில்லை.
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தார்கள்.

மூன்றாம் நாள், பிறகு
சென்னியப்பன். வார்த்தைகள் இழுபடுகின்றன.
"டீச்சர்... தரை அதிருதுங்க. வண்டிதானுங்க. சிஸ்டர், எந்திரிங்க. வந்துட்டாங்க."
வண்டி குடியிருப்பை விட்டுக் கிளம்பவேயில்லை. அது காற்று.
"முத்தண்ணன... மொதல்ல ஏத்துங்க." ரஹ்மத்நிஷா.
"நாங்க இங்கதான் இருக்கமுங்க டீச்சர். கை காட்டறமுங்க. தெரியுதுங்களா?"
பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே
"டீச்சர்? தெரியுதுங்களா?"