மூன்று முறை சொன்ன பெயர்

காஞ்சிபுரம்
14.9.1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ரத்னா வணக்கம் சொல்லி எழுதுவது. போன வாரம் என் கையெழுத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். எல்லாரும் சுகம், நைனாவுக்குக் கையில் சின்னக் காயம், நீங்கள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு பூனாவிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று அதில் இருக்கும். எழுதியது நான்தான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம் என் அண்ணன் பாண்டுரங்கன், இன்னொரு பக்கம் ஊர்த் தலைவரின் ஆள். அதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். இதைப் படியுங்கள், உட்கார்ந்து படியுங்கள்.

நைனாவுக்கு வலது கை இல்லை. மணிக்கட்டோடு போய்விட்டது. உங்கள் அப்பாவைப் பற்றி இப்படி எழுத எனக்கு மட்டும் மனசு வருமா? சுற்றி வளைத்து எழுதப் பார்த்தேன், முடியவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் கண்ணசந்தார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களை டிரெயினிங்குக்கு பூனாவுக்கு அனுப்பின பிறகு, கம்பெனிக்கு ஆள் எடுக்கிறேன் என்று பர்சனல் ஆபீசர் ஜெபகுமார் ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் பையன்களை வரச்சொல்லி, ஓட்டைப் பலகையில் ஆணியை வேகமாகச் சொருகச் சொல்வது, கலர் கம்பிகளைப் பிரித்து வைக்கச் சொல்வது என்று டெஸ்ட் வைத்தாரே, அது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். சிபாரிசு கிடையாது, புரோக்கர் கிடையாது, கை வேகமும் புத்தியும்தான் கணக்கு என்று சொன்னார். சொன்னபடியே செய்தார். தேர்வானதில் பாதிப்பேர் ஊர்ப் பையன்கள், பாதிப்பேர் நம் காலனி. என் அண்ணன் தேர்வானான். ஊரில் பெரிய வீட்டுப் பையன் சுபாஷும் தேர்வானான். அது வரைக்கும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம்தான் அந்த மனிதருக்கு ஒரு யோசனை வந்தது. யார் யார் தேர்வு என்பதைக் கேட்டில் ஒட்டினால் புரோக்கர்கள் கிழித்துவிட்டு வேறு கதை கட்டுவார்களாம். அதனால் தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டால் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழும், ஒளிவு மறைவு இருக்காது என்று நினைத்தார். மெட்ராஸ்காரர், படித்தவர். எங்கள் ஊரில் தண்டோரா போடுகிறவர் யார், அவர் எந்தத் தெருவில் நின்று யார் பெயரைச் சொல்லலாம், யார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? நைனாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் உங்கள் பெயரைச் சொல்லி, பிரஸ் ஷாப்புக்கு லைன் லீடர் பகலவன், எல்லாரும் அவருக்குக் கீழே வேலை செய்வார்கள், அதையும் சொல்லிவிடு என்றார்.

நைனா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டே என்னிடம் கேட்டார், "எம்புள்ள பேர நானே ஊர்த்தெருவுல நின்னு சொல்லப் போறன், கேட்டியா ரத்னா?" அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை மாமா. வேண்டாம், காலனியில் மட்டும் உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லுங்கள், ஊர்த்தெருவில் மற்றவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

நான் களை வெட்டப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஊர்த்தெரு முனையில் நைனா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றார். ஊர்ப் பையன்கள் பெயர் வந்தபோது கைதட்டினார்கள். உங்கள் பெயரும், எல்லாரும் உங்களுக்குக் கீழே என்பதும் வந்ததும் கைதட்டல் நின்றுபோனது. சுபாஷின் சித்தப்பா எழுந்து வந்து, "இன்னாடா சொன்ன? ஒம்புள்ள சொல்லி எங்க புள்ள மிஷினு ஓட்டணுமா? இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்" என்றான். நைனா இன்னொரு முறை சொன்னார். தண்டோராவில் எதையும் மூன்று முறை சொல்வதுதானே வழக்கம்! அவன் பறையைப் பிடுங்கிக் காலால் மிதித்து உடைத்தான். இரண்டு பேர் நைனாவை முட்டி போட வைத்து வாயிலேயே அடித்தார்கள். பல் போய் ரத்தம் கொட்டியது. அதோடு ஓடி வந்திருக்கலாம். வாயைத் துடைத்துக்கொண்டு, பறை இல்லாமலேயே, கையில் இருந்த குச்சியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது முறையும் சொன்னார். சுபாஷ் வீட்டுக்குள் ஓடிக் கொடுவாளோடு வந்தான். தூக்கின கையில்தான் வெட்டினான்.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு ஊரே சொல்லும், நானே சொல்லிவிடுகிறேன். கையில் களைக்கொத்தி இருந்தது. சுபாஷின் தோளில் இறக்கினேன். பிடுங்கி இன்னொரு முறையும் இறக்கினேன். மூன்றாவதற்குள் என்னைக் கீழே தள்ளி மிதித்துவிட்டார்கள். விலாவில் இன்னும் வலி இருக்கிறது, இருமினால் உயிர் போகிறது. ஆனால் குத்தினதற்காக எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மே மாதம் குண்டு வெடித்ததிலிருந்து இந்தப் பக்கம் மரத்துக்கு ஒரு போலீஸ் நிற்கிறது. அன்றைக்கு மட்டும் ஒரு தொப்பியைக் காணோம். மறுநாள் பட்டப்பகலில் ஊர்க்காரர்கள் காலனிக்குள் வந்து கீழண்டைக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். நம் வீடு முதலில் எரிந்தது. கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட என்னால் முடியவில்லை மாமா. அது கத்தினது இப்போதும் காதில் கேட்கிறது. அப்புறம் போலீஸ் வந்தது. சுபாஷ் மேல் கேஸ் இருக்கிறதாம், ஆனால் அவனுக்குக் காயம் ஆறட்டும் என்று காத்திருக்கிறார்களாம். என்னைத்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் ஜாமீனில் எடுத்தான். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நைனாவிடம் திரும்பி வருகிறேன்.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். தாசில்தார், ஊர்த் தலைவர், பெரிய மேனேஜர், ஜெபகுமார் எல்லாரும் இருந்தார்கள். பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களாம். தேர்வான எல்லாரும் ஒன்றாம் தேதி வேலையில் சேரலாம். வெட்டினவனும் சேரலாம், அவனுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் வரக்கூடாது. நீங்களாகவே விருப்பப்பட்டு விலகினதாக ஒரு தாள் பூனாவுக்கு அனுப்புவார்கள், அதில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேயே ஏதாவது வேலை பார்த்துத் தருகிறார்களாம். லைன் லீடராக ஊரிலிருந்து ஒருவனைப் போடுவார்கள். அவனுக்கு டெஸ்டும் கிடையாது, டிரெயினிங்கும் கிடையாது.

ஜெபகுமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "ரத்னா, திறமை எங்க இருந்தாலும் திறமைதான்மா. அவர் முன்னுக்கு வர இந்த ஊர்தான் வேணும்னு இல்ல. அவரோட எதிர்காலத்துக்கு பூனாதான் நல்லது" என்றார். அப்படியென்றால் சுபாஷை பூனாவுக்கு அனுப்புங்கள் சார், அவனுக்கும் எதிர்காலம் இருக்கிறதே என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மேனேஜருக்கு மெஷின் ஓடினால் போதும், என் வேலையும் அவர் கையில் இருக்கிறது என்று முனகினார். ஆளைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவருக்கு எடுத்த ஆள் பக்கத்தில் நிற்கத் தெரியவில்லை.

ஊர்க்காரர்களாவது போகட்டும். நம் ஆட்கள்தான் என்னை அறுக்கிறார்கள். வீடு எரிந்தவர்களே வந்து கேட்கிறார்கள். என் அண்ணன் என் காலைத் தொடப் போனான். "மச்சான் பூனாவுலயே ராசா மாரி இருக்கட்டும் ரத்னா. அவரு ஒருத்தரு வுட்டுக் குடுத்தா நாங்க அத்தினி பேரும் பொழச்சிக்கிறோம். நானும் எத்தினி நாளு ஏரில மண்ணு வெட்டுறது?" என்று அழுதான். கூடப் பிறந்தவன் அழுதால் கை தானாக எழுதிவிடுகிறது. அதுதான் அந்த முதல் கடிதம்.

நைனாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "எத்தினி வருசமா தண்டோரா போடுறன், சாவு சொல்லிக்கிறன், திருவிழா சொல்லிக்கிறன், ஏலம் சொல்லிக்கிறன். நான் சொன்னது ஒன்னு பொய்யாப் போனதில்ல. எம்புள்ளய பத்தி சொன்னதுதான் பொய்யாப் பூடுமா?" என்று கேட்டார். நான் பால் ஆற்றுவது போல் டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்தால் கேட் தாண்டுவதற்குள் வெட்டுவோம் என்று ஊரில் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். பேச்சுக்குப் பேசுகிறவர்கள் இல்லை என்று பார்த்துவிட்டேன். ராத்திரி படுத்தால் உங்களை எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்றுதான் யோசனை ஓடுகிறது. நீங்கள் பூனாவில் ரொட்டி தின்றுகொண்டு உயிரோடு இருந்தால் போதும் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசும் என்னுடையதுதான், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நீங்கள் எழுதின கடிதங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். பிரஸ் மெஷினில் தகட்டை வெட்டுகிற அச்சு, அந்த டையை மயிரிழை பிசகாமல் நீங்கள் பொருத்துவதைப் பார்த்து அந்த மராட்டி வாத்தியார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்களே. ஊருக்கு வந்ததும் நம் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும், விரல் போகாமல் வேலை செய்யக் கற்றுக்கொடுக்கணும் என்று எழுதினீர்களே. இப்போது போடப்போகிறவனுக்கு டை என்றால் என்னவென்று தெரியாது. முதல் மாதமே அந்த பிரஸ்ஸில் யார் விரல் போகும்? ஊர்க்காரனாகவா இருக்கும்? என் அண்ணனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவனிடம் இதைச் சொன்னேன். "விரலு போனா போவுது, வேல கெடச்சா போதும்" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

தாள் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். டிரெயினிங் முடிந்த சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கிளம்பி வாருங்கள். நீங்களாக விலகாத வரைக்கும் உங்கள் வேலை உங்களுடையதுதான், கம்பெனியாக நீக்கினால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று இங்கே வார்டுக்கு வருகிற ஒரு யூனியன்காரர் சொன்னார். ஒன்றாம் தேதி காலையில் அவரும் நாலு பேரோடு கேட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். வருவாரா மாட்டாரா தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

காலனிப் பெண்களிடம் நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினேன். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்டாப்பில் கூட்டமாக நிற்கலாம், பெண்கள் சுற்றி வந்தால் தொடத் தயங்குவார்கள் என்று கேட்டேன். பல பேர் கதவைச் சாத்தினார்கள். ராஜம்மா வருகிறேன் என்றாள். கனகம் அண்ணியும் வருகிறாள், "உங்கண்ணன் அடிச்சா அடிக்கட்டும், அந்தக் கை மிஷின்ல மாட்டறதுக்கு அது மேல்" என்றாள். மூன்று பேர்தான் ஆனோம். இன்னும் நாள் இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

காலனிக்குப் பின்பக்கமாக ஏரிக்கரை வழியாக வரவே வராதீர்கள், அங்கே ஆள் போட்டிருக்கிறார்கள். முப்பதாம் தேதி மத்தியானம், நல்ல வெயில் இருக்கும்போதே, சென்ட்ரலில் இறங்கி காஞ்சிபுரம் பஸ் பிடியுங்கள். தண்டலம் தாண்டினதும் விழித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். நம் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது உடனே எழுந்துவிடாதீர்கள், முதலில் வெளியே பாருங்கள். நான் நிற்பேன். என்னைப் பார்த்தால் இறங்குங்கள்.

நான் நிற்கவில்லை என்றால் இறங்காதீர்கள். யாரிடமும் என்னைப் பற்றி விசாரிக்காதீர்கள். அதே பஸ்ஸில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நைனாவைக் கூட்டிக்கொண்டு பூனாவுக்கே ரயில் ஏறிவிடுங்கள். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்ட வேண்டும், இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிப்பார், கோபப்படாதீர்கள். அப்போதும் அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள் மாமா. நீங்கள் ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டாப்பில் நிற்கப்போகும் உங்கள்
ரத்னா