படகு எஞ்சின்

தேக்கா,
சிங்கப்பூர்,
3 செப்டம்பர் 2024

என்னங்க,

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை. எழுதிக்கொள்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கீரை ஏற்றிவரும் அலீமிடம் பதிலைக் கொடுத்துவிடுங்கள். தங்கை குணமணி வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இங்கிருந்து சந்தையில் நம் கீரைக் கடைக்கு நடந்தே போய்விடுகிறேன், முட்டிவலியோடு.

டிராக்டருக்கு பம்ப் மட்டும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சுரேந்தர் சொல்லியிருந்தார். நீங்கள் எஞ்சினையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்களாமே? தோட்டத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? மழைக்கு முன் உழுது விதைக்காவிட்டால் டிசம்பரில் கடையில் எதை வைத்து விற்பேன்?

அன்னம்மா


கிராஞ்சி,
5 செப்டம்பர்

அன்புள்ள அன்னம்,

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கேன், தேய்ச்சுக்கோ.

ரெண்டு எஞ்சின் வச்ச மீன்பிடிப் படகு ஒண்ணை உடைச்சாங்க. அதுல ஒரு எஞ்சினை நான் எடுத்துட்டு வந்தேன். தங்கம் லா! நானே தகடு வெட்டி, துளை போட்டு, கியர்பாக்ஸோட சேர்த்துட்டேன். தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது. கவலையே வேணாம்.

உன் மாசிலாமணி


தேக்கா,
10 செப்டம்பர்

என்னங்க,

ஸ்டார்ட் ஆகுது, சரி. ஓடுகிறதா?

அன்னம்மா


கிராஞ்சி,
12 செப்டம்பர்

அன்னம்,

ஓடுது. வாழையிலை இந்த வாரம் நல்லா வந்திருக்கு, பார்த்தியா?

மாசிலாமணி


தேக்கா,
24 செப்டம்பர்

என்னங்க,

இன்று காலை அலீமைப் பிடித்துக் கேட்டேன். "ஓடுதுக்கா, ஆனா பின்னாலதான் ஓடுது" என்கிறான். முன்னால் போக கியர் போட்டால் பின்னால் போய் உரக்கொட்டகைச் சுவரை இடித்ததாம். "அண்ணன் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னார்" என்று தலையைச் சொறிகிறான்.

சுரேந்தரிடம் விசாரித்தேன். அந்த மாதிரிப் படகில் ஒரு எஞ்சின் வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றுமாம். நீங்கள் எடுத்துவந்தது தப்பான பக்கம் சுற்றுவது. முதல் நாளே தெரிந்திருக்கும் உங்களுக்கு. மூன்று வாரமாக எனக்கு "ஓடுது."

நான் வீட்டைவிட்டு வந்ததற்கும் இதுதான் காரணம். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு "சாப்பிட்டேன்" என்றீர்கள். டாக்டர் சொல்லித் தெரிந்தது. எதுவானாலும் அடுத்தவர் வாயால்தான் எனக்கு வந்து சேர்கிறது. முப்பது வருஷம் ஆயிற்று. அலுத்துவிட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அன்னம்மா


கிராஞ்சி,
9 அக்டோபர்

அன்னம்,

வேணாம்னு சொன்ன. இருந்தாலும் எழுதறேன்.

முதல் நாளே தெரியும். நீ திட்டுவியேன்னு மறைச்சேன். இப்ப மறைச்சதுக்கும் சேர்த்துத் திட்டு.

சுரேந்தரைக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் நாலு நாள் மாரடிச்சு, பின்சக்கர அச்சைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரத்தை எதிர்ப் பக்கத்துக்கு மாத்தி வச்சோம். இப்ப டிராக்டர் முன்னால போகுது. ஆனா மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர் எஞ்சின் சுத்துற பக்கமே சுத்துது, தலைகீழா. நேத்து ஒரு பாத்திகூட முடியலை. மண்ணை வாரி என் மூஞ்சியில அடிச்சதுதான் மிச்சம்.

மழை வரப்போகுது. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை, அன்னம்.

மாசிலாமணி


தேக்கா,
11 அக்டோபர்

என்னங்க,

கடையில் நின்றபடியே படித்தேன். முருங்கைக்கீரை கேட்டவருக்கு வெந்தயக்கீரையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். "தெரியலை" என்று நீங்கள் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

ரொட்டவேட்டரைத் தொடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து விஸ்வலிங்கத்திடம் கலப்பை இரவல் கேட்டிருக்கிறேன். அதை டிராக்டர் இழுத்தால் போதும், எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றினாலும் கவலையில்லை. இது ஒரு மாதமாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

திங்கட்கிழமை கடை கிடையாது, மற்ற நாட்களில் குணமணி பார்த்துக்கொள்வாள். ஞாயிறு மத்தியானம் அலீம் லாரியில் வருகிறேன். நாலு நாளைக்குத் துணி எடுத்து வருகிறேன். அதற்கு மேல் எதுவும் இப்போது கேட்காதீர்கள்.

என் மெத்தையை வெயிலில் போடுங்கள். "போட்டாச்சு" என்று எழுதி அனுப்ப வேண்டாம். போடுங்கள்.

அன்னம்