கிரிமியாப் பதக்கம் விழுந்த நாள்

அக்கா,

இன்று காலை பழைய சாமான் சந்தையில் ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் கண்டேன். பச்சைக் கரை வைத்த சிவப்பு நாடா. கடைக்காரன் எடுத்து நீட்டினான். தொடாமலே நடந்துவிட்டேன். பொலிதேயாமா சதுக்கம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் இருவரும் வேலை செய்த இத்தாலியர் வீட்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியதும் இதே மாதிரிப் பதக்கம்தான். அதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். வீட்டுக்கார சிஞ்ஞோரேயின் பூட்டன், கிரிமியாவில் துருக்கியரோடு சேர்ந்து ரஷ்யருக்கு எதிராகச் சண்டை பிடித்தவர். தன்னோடு நின்ற படைகளுக்கெல்லாம் துருக்கிச் சுல்தான் பதக்கம் கொடுத்தார். ஒரு பக்கம் சுல்தானின் முத்திரை, மறுபக்கம் பீரங்கியும் கொடிகளும். ஆங்கிலேயருக்கென்று அடித்தவை கப்பலோடு கடலில் தாண்டுபோனதால், அவர்களில் பலருக்கு இத்தாலியருக்கென்று இத்தாலி எழுத்துப் பொறித்ததையே கொடுத்தார்களாம்.

"ஆருக்கோ அடிச்சதை ஆரோ போட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கினம்" என்று சிரித்தீர்கள்.

ஒருநாள் நான் அதைச் சட்டத்திலிருந்து எடுத்து, பல்கனியில் வைத்துத் துடைத்தேன். தேய்ந்திருந்த வளையம் விட்டுப்போனது. மூன்றாம் மாடியிலிருந்து பதக்கம் தெருவில் விழுந்து, உருண்டு, வடிகால் கம்பிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என்னிடம் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான கடதாசி, இல்லை. என் தம்பியை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன ஊருக்கே என்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அக்கா, சிஞ்ஞோரே பொலிசைக் கூப்பிடப் போறார்."

"நீ வாய் திறக்காதை. நான் கதைக்கிறன்."

"என்ன சொல்லப் போறியள்?"

"என்ரை கையாலை விழுந்ததெண்டு. என்னட்டைக் கடதாசி இருக்கு. என்னை அனுப்பேலாது."

சிஞ்ஞோரே கத்தவில்லை. மெதுவாகவே பேசினார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உங்கள் கையால் விழுந்ததென்று நீங்கள் சொன்னதைச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் நீங்கள் பையோடு படியிறங்கினீர்கள்.

பிறகு கடலோரம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டினீர்கள். விரலெல்லாம் கீறல். ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து நீங்கள் வெளியே வரும்வரை காத்து நிற்பேன். நான் பேச்சைத் தொடங்கினால், "விடு, பெர்மெஸ்ஸோ வரட்டும்" என்பீர்கள். வந்தது. வந்த பிறகும் நான் சிஞ்ஞோரேயிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அதற்குள் உங்களுக்கு நோய் வந்து, ஆறு கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று சந்தையிலிருந்து நேரே வேலைக்குப் போய், மேலங்கியைக் கழற்ற முன்னரே சிஞ்ஞோரேயிடம் சொன்னேன்: பதக்கத்தை விழுத்தியது நான்.

"அப்படியென்றால் தான் விழுத்தியதாக அவள் ஏன் சொன்னாள்?" என்று கேட்டார்.

"அப்போது என்னிடம் பெர்மெஸ்ஸோ இல்லை."

நீங்கள் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டீர்கள் என்றேன். கதிரையில் இருந்தார். நான்கு வருடம் உங்களை மரியா என்றே கூப்பிட்டவர், முதல்முறையாக உங்கள் உண்மைப் பெயரைக் கேட்டார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வாயில் வரவில்லை. என்னை நாளைக்கு வரச் சொன்னார். வேலை இருக்குமோ, இல்லையோ தெரியாது.

வியர்த்த உள்ளங்கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டுதான் அவரிடம் சொன்னேன். அன்று அவரிடம் போக முன் என் கையைப் பிடித்தீர்களே, உங்கள் உள்ளங்கை முழுக்க ஈரம். பாத்திரம் கழுவிய ஈரம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், அக்கா.