பூட்டிய வீட்டிலிருந்து வந்த சிவப்புத் தண்ணீர்

ராத்தா,

இன்று காலை எழுந்து வந்தால் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். ஃபிரிட்ஜின் உறைபெட்டியிலிருந்து சொட்டி, கதவு ரப்பரின் ஓரமாக வழிந்து, வாசல் பக்கம் ஓடியிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்றாள் மகள். தண்ணீர் இறங்கும் துளை அடைத்திருக்கும், சுடுதண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஊற்றும்போது எழுந்த ஆவி முகத்தில் பட்டது.

நீங்கள் போய், நாற்பதாம் நாள் கத்தம் ஓதியும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், அன்று நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூட முழுசாகப் பேசவில்லையே.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம், தமிழ் வீடுகளைத் தேடித் தேடி எரித்த நாட்கள். பலாபத்வலயில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மெயின் ரோட்டில் தையல் கடை. மாத்தளைப் பக்கம் புகை கிளம்பியபோது நீங்கள் வேலியைத் தாண்டி வந்தீர்கள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. என் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தீர்கள். பிள்ளை உங்கள் கைக்குப் போன பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எங்களை உள்ளே விட்டு, முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, உங்கள் கூடப்பிறந்த நானா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். பூட்டிய முஸ்லிம் வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது உங்கள் கணக்கு. உங்கள் புருஷன், எங்கள் மச்சான், லொறியோடு தம்புள்ளைப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் நீங்கள் குசினி ஜன்னல் வழியாகச் சோறும், பிள்ளையின் பால்மாவுக்குப் பிளாஸ்கில் சுடுதண்ணீரும் கொடுப்பீர்கள். முன்ஹோலுக்குப் போகவேண்டாம், ஜன்னல் கண்ணாடி வழியாக ரோட்டுக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் வீடும் கடையும் எரிந்ததை நீங்கள் சொல்லவில்லை. வாசனையிலேயே தெரிந்துகொண்டோம்.

உங்கள் ஃபிரிட்ஜ் அந்த ஹோலில்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்க நீங்கள் செய்த ஐஸ் பெக்கட்டுகள் உறைபெட்டி நிறைய இருந்தன. எல்லாம் சிவப்பு. கரண்ட் போய் ஒரு பகல் முழுக்க இல்லாமல் இருந்ததில் அவை இளகிக் கசிந்துவிட்டன. கரண்ட் திரும்பி வந்ததும் கசிந்த பாகு துளையில் உறைந்து அடைத்துக்கொண்டது. மேலே சேர்ந்த தண்ணீர் போக வழியில்லாமல் தரைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தவழ்ந்து போய் ஒரு சாக்கைக் கதவடியில் திணித்துவிட்டு வந்தார். சாக்கு நனைந்ததே ஒழியத் தண்ணீர் நிற்கவில்லை. உங்கள் வீட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு. பூட்டிய வீட்டுக் கதவுக்குக் கீழேயிருந்து சிவப்பாக ஒன்று படியில் இறங்கிக்கொண்டிருந்ததைச் சந்தியில் நின்ற ஆட்கள் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் வாசலுக்கு வந்த சத்தம் கேட்டதும் உள் அறைக்குள், மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். அந்த அறைக்குக் கதவில்லை, திரைதான். யாரோ ஒருவன் பூட்டை உடைக்கச் சொன்னான். அப்போது உங்கள் குரல் கேட்டது. என்னுடைய வீட்டுப் பூட்டை எதற்கு உடைக்கவேண்டும், சாவி என்னிடம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஐஸ் பெக்கட் சாயத்தைப் பார்த்தா இத்தனை பேர் கூடினீர்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் சிரிக்கவில்லை. திறந்து காட்டச் சொன்னார்கள்.

நீங்கள் கொஞ்சமும் தடுமாறவில்லை. புருஷன் இல்லாத நேரத்தில் இத்தனை ஆம்பிளைகளை வீட்டுக்குள் விடமுடியாது, ஒருவர் வரட்டும், வருகிறவர் அப்படியே ஃபிரிட்ஜையும் திருத்திவிட்டுப் போகட்டும் என்றீர்கள். அந்த ஒருவரையும் நீங்களே கைகாட்டினீர்கள். சந்திக்கு மேல்வீட்டுச் சிங்கள இளைஞன். டவுனில் ரேடியோ, ஃபிரிட்ஜ் திருத்தும் கடையில் வேலை செய்தவன். முன்பே ஒருமுறை உங்கள் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தவன். அவனுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் எவ்வளவு ஒட்டு என்று உங்களுக்கும் தெரியாது. பிறகு நினைத்துப் பார்த்தால், அங்கே நின்றவர்களில் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டவனை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும்.

திரை இடுக்கு வழியாக அவன் முதுகு தெரிந்தது. பிள்ளை முனகாமலிருக்க மார்பில் போட்டு அணைத்திருந்தேன். என் வீட்டுக்காரரின் கை என் தோளில் இருந்தது, வலிக்கும் அளவுக்கு. அவன் முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றினான். அதுவரை ஓடிக்கொண்டிருந்த மோட்டர் நின்றது. அந்த மோட்டர் சத்தத்துக்குள்தான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளை பால் விழுங்கும் சத்தம் எனக்கு இடி மாதிரிக் கேட்டது. அவனுக்குக் கேட்டதோ என்னவோ, திரும்பவில்லை. உறைபெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, துளை உறைந்துபோயிருக்கிறது, சுடுதண்ணீர் வேண்டும் என்றான்.

அடுப்பு மூட்டிக் கொண்டுவருகிறேன் என்று நீங்கள் குசினிப் பக்கம் திரும்பினீர்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று படியிலிருந்து ஒருவன் கேட்டான். உள்ளே நின்ற இளைஞன் பதில் சொல்லத் திரும்பியபோது, ஜன்னலுக்கு மறைவான மூலையிலிருந்த சாப்பாட்டு மேசை அவன் கண்ணில் பட்டது. அதன்மேல் பிளாஸ்க் இருந்தது. பிள்ளைக்குப் பால் கரைத்துவிட்டு அங்கேயே விட்டிருந்தேன்.

அவன் அதை எடுத்து மூடியைத் திறந்தான். ஆவி எழுந்தது.

நாள் கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு, ராத்தா. நீங்கள் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். அவன் அந்த ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உங்களைப் பார்த்தான். திரைப் பக்கம் பார்க்கவேயில்லை. கவனமாகப் பார்க்காமல் இருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிளாஸ்கைச் சாய்த்துத் துளையில் ஊற்றினான். சுவரோரம் கிடந்த பழைய குடைக் கம்பியால் குத்தினான். ஒரு பெக்கட்டின் கிழிசல் கம்பியில் சிக்கி வந்தது. மேலே தேங்கியிருந்தது எல்லாம் குடுகுடுவென்று உள்ளே இறங்கியது. கீழே ஒரு பேசனை வைத்துக் கதவை மூடினான். பிளாஸ்கில் மிச்சமிருந்த சுடுதண்ணீரையும் அந்தப் பேசனிலேயே கொட்டி, வெறும் பிளாஸ்கை மேசையில் வைத்தான்.

பிறகு படியில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, கேஸ் போய்விட்டது, இது இனி இரும்புக் கடைக்குத்தான் சரி, தூக்கிக்கொண்டு போக ஒன்றுமில்லை என்றான். கதவருகே வந்து உங்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கே, பூட்டிட்டுப் போங்க. இனி ஒண்ணும் வெளியே வராது."

பூட்டுச் சத்தம் கேட்டபிறகுதான் என் தோளிலிருந்த கை தளர்ந்தது. மச்சான் லொறியோடு வந்து எங்களை மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றி அகதி முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், ஊர் அடங்கித் திரும்பி வந்து உங்கள் முன்அறையிலேயே என் வீட்டுக்காரர் மெஷின் போட்டுத் தைக்கத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. கேஸ் போய்விட்டதாக அவன் சொன்ன ஃபிரிட்ஜ் அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது.

அவனைக் கண்டு நன்றி சொல்லவேண்டும் என்று நான் கேட்டபோது நீங்கள் தடுத்தீர்கள். நம்ம வாயால் அது வெளியே வந்தால் ஆபத்து அவனுக்குத்தான் என்றீர்கள். ரோட்டில் பார்த்தால் அவன் தலையாட்டுவான், நானும் தலையாட்டுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது.

எண்பத்தொன்பதில், அரசாங்கம் கிளர்ச்சியை அடக்கியபோது, சிங்களவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்தக் காலம் வந்தது. ஒரு பகலில் சந்தியில் வைத்து ஆமிக்காரர்கள் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய அம்மா ஆமி முகாம் வாசலில் நிற்கப் போனபோது நீங்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கூடப் போனீர்கள். நானும் வந்தேன். உறவா என்று காவலுக்கு நின்றவன் கேட்டான். எங்கள் வீட்டுப் பிள்ளை என்றீர்கள். காவல்காரன் நம்மைப் பார்த்துச் சிரித்தான். நாம் பிறகும் பல தடவை போனோம். மேல்வீட்டுப் பிள்ளை திரும்பி வரவில்லை.

முதல் நாள் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேன், இப்போதாவது அவன் செய்ததை அந்த அம்மாவிடம் சொல்லலாமே என்று. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அது அவன்ட கதை, தங்கச்சி. அவனே வந்து சொல்லட்டும்."

நாம் சொல்லிவிட்டால் அவன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் அந்த அம்மாவுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்திய இந்த வருஷம்தான் நீங்களும் போனீர்கள். மையித்து வீட்டுக்கு அந்த அம்மா வெள்ளை உடுத்து வந்தார். பொம்பளைகள் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்தார். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபிறகு என் கையைப் பிடித்துக் கேட்டார்: இந்த முஸ்லிம் அக்கா எதற்காக இத்தனை வருஷம் என் வீட்டுக்கு வந்தார்? நான் அவருக்கு ஒன்றும் செய்ததில்லையே.

சொல்லிவிட்டேன், ராத்தா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தொடக்கத்திலிருந்து. அவர் அழவில்லை. அவன் அன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். பிறகு சொன்னார், இத்தனை வருஷமும் எல்லாரும் அவனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்றுதான் கேட்டார்கள், அவன் என்ன செய்தான் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை என்று.

உங்கள் பேச்சை மீறினேன். கோபமென்றால் கோபித்துக்கொள்ளுங்கள். அவன் வந்து சொல்லும்வரை காத்திருக்க அந்த அம்மாவுக்கு இனி வயதில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். அவர் பாய் விரித்து உட்காரச் சொல்லி, இன்னொருமுறை சொல்லச் சொல்கிறார். நான் சொல்கிறேன்.